அண்ணனுக்குத் தெரிந்த ஜப்பான் மொழி

“சென்செய், படிச்ச பாஷையை மறக்குறது எப்படி?”

கேட்டவர் நயினார். கூடுவாஞ்சேரியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். தலை பாதி நரைத்துவிட்டது.

கேட்கப்பட்டவர் சுகிர்தா. அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். ஒரு பேக்கரியின் மாடியில் ஜப்பான் மொழி சொல்லிக்கொடுக்கிறார். ஜப்பானில் வாத்தியாரைச் சென்செய் என்பார்களாம். அதனால் அந்த மாடி ஏறி வருகிற எல்லோருக்கும் அவர் சென்செய்தான், டீ கொண்டுவருகிறவர் உட்பட.

மறப்பதற்கு வழி கேட்டு யாராவது வாத்தியாரிடம் போவார்களா? மனுஷர் போனார்.

சுகிர்தா டஸ்டரை எடுத்துக் கரும்பலகையை அழுத்தித் துடைத்தார்.

“இப்பப் படிங்க சார்.”

துடைத்த பலகையில் எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. நயினாரின் கண் தன்னால் அதில் ஓடியது.

“நாளைக்கு மழை பெய்யும்,” என்று படித்தார். படித்துவிட்டு நொந்துபோய் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“மத்தவங்கல்லாம் எழுத்து மனசுல நிக்கலைன்னு அழறாங்க. உங்களுக்கு என்ன வந்தது?”

“கெட்டுப்போச்சு சென்செய். எல்லா ஆட்டமும் கெட்டுப்போச்சு.”

ஆட்டம் என்றால் வீடியோ கேம். பழசு. டிவியில் ஒரு பெட்டியை மாட்டி, கேசட்டைச் செருகி ஆடுகிற காலத்து ஆட்டங்கள். நயினார் அவற்றைத் தேடித் தேடி வாங்கி வைத்திருந்தார். அவற்றில் வருகிற ஜப்பான் எழுத்தைப் படிக்கத்தான் இந்த வயதில் வகுப்பில் சேர்ந்தார். வெளிநாட்டு வேலைக்குப் போகிற பொடியன்களுக்கு நடுவில் உட்கார்ந்து அ, ஆ எழுதினார். சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று எழுதினார்.

“எதெது கெட்டுப்போச்சு? சொல்லுங்க.”

“டாங்கி ஆட்டம் கெடல. செங்கல்லை இடிக்கணும், சுடணும், சாவணும். அதுல படிக்கிறதுக்கு ஒண்ணும் கிடையாது. இன்னைக்கும் முதல்தரம்.”

“சரி.”

“பைக் ரேஸு அன்னைக்கும் மட்டம், இன்னைக்கும் மட்டம். ரெண்டு வளைவு ஒழுங்காப் போனா இன்ஜின் சூடாயிரும். வண்டி ஓரமாப் போய் நின்னுக்கும். அதுக்கு நான் என் ஸ்கூட்டர்லயே போவேன்லா.”

“சரி.”

“குத்துச்சண்டை ஆட்டத்துல ஒரு பட்டனை விடாம அமுக்கினா எவனையும் சாய்ச்சிரலாம். சின்ன வயசுல அதைப் பெரிய வீரம்னு நினைச்சிட்டேன். இப்ப ஆடினா விரல்தான் வலிக்கு. பேஸ்பால்னு ஒண்ணு. அதைக் கிரிக்கெட்டுன்னு நினைச்சுத்தான் நாங்க ஆடினோம். ஸ்டம்பே இல்லையேன்னு கேட்டேன். ஜப்பான்ல பூகம்பம் வரும், ஸ்டம்பு நிக்காது, அதான் வைக்கதில்லன்னு அண்ணன் சொன்னான்.”

சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“யாரு அண்ணன்?”

நயினார் சிரிக்கவில்லை.



அண்ணன் பெயர் செண்பகராஜ். நயினாருக்கு ஐந்து வயது மூத்தவன். அப்போது வீடு தென்காசியில். சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா அந்த ஆட்டப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். கேசட் எல்லாம் ஜப்பான் எழுத்து. தெருவில் ஒருத்தருக்கும் அது புரியவில்லை. செண்பகராஜுக்கு மட்டும் புரிந்தது.

“திரையில கட்டம் கட்டி எழுத்து வரும்லா? அதைப் பாத்து அப்படியே தமிழ்ல படிப்பான் சென்செய். ஒரு இடத்துலகூடத் திக்க மாட்டான். நான் வாயைப் பொளந்துகிட்டுக் கேப்பேன்.”

“அவருக்கு எப்படி ஜப்பான் மொழி தெரியும்?”

“தெரியாது.”

சுகிர்தா டஸ்டரைக் கீழே வைத்தார்.

“ஒரு எழுத்துகூடத் தெரியாது. எல்லாம் அவனா சொன்னது. எனக்கு அது உறைக்கவே ரொம்ப வருஷம் ஆச்சு. அதுக்குள்ள அவன் மஞ்சள் காமாலையில போய்ச் சேந்துட்டான்.”

கீழே பேக்கரியில் யாரோ பன் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“விளக்குப் பையன்னு ஒரு ஆட்டம்,” என்றார் நயினார். “நாங்களா வச்ச பேரு. ஒரு பையன் கையில விளக்கோட தீவு தீவாப் போவான். முதல் ஊர்லயே மரத்தடியில ஒரு கிழவன் நிப்பான். கிட்டப் போனா பேசுவான். அண்ணன் படிப்பான்: தம்பி, எம் மகளைக் கடல் கொண்டுபோயிட்டு. போற வழியில பாத்தா, அப்பன் இன்னும் சாப்பிடாம உக்காந்திருக்கான்னு சொல்லு.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“ஒவ்வொரு தடவையும் அழுவேன். சோத்துத் தட்டைத் தள்ளிவச்சிட்டு அழுவேன். அம்மா அண்ணனைத்தான் ஏசுவா. அந்தக் கேசட்டை ரொம்ப நாளாத் தேடினேன். இப்பதான் கிடைச்சது. போட்டேன். கிழவன்கிட்டப் போனேன். என்ன சொல்லுதான் தெரியுமா?”

“என்ன?”

“இது தெற்கு ஊர்.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான். எத்தனை தடவை கேட்டாலும் இது தெற்கு ஊர், இது தெற்கு ஊர். போர்டு மாதிரி நிக்கான். மகளும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

சுகிர்தா சிரிப்பதா வேண்டாமா என்று பார்த்தார். சிரிக்கவில்லை.

“பாறைக்கு நடுவுல ஒரு கதவு பேசும்னு சொன்னான். எண்ணெய் எவ்வளவு இருக்கு, விளக்கைக் காட்டுன்னு கேக்குமாம். இப்பப் படிச்சா, பூட்டியிருக்குன்னு போட்டிருக்கு. சத்திரத்துல ஒரு பொம்பளை, தாயில்லாப் பிள்ளைன்னு தாலாட்டு பாடுவா. இப்பப் படிச்சா, எட்டுக் காசு, தங்குறியான்னு கேக்கா.”

“ஆட்டம்னு பாத்தா எப்படி?”

“உள்ளதைச் சொல்லணும்னா படுமட்டம். நடந்துகிட்டே இருக்கணும். வெளிச்சம் காணாது. ஓங்கி அடிச்சாலும் அடி விழாது. ஓசியில குடுத்தாக்கூட ஒருத்தன் ஆட மாட்டான்.” நிறுத்தினார். “எனக்கு உலகத்துலயே பிடிச்ச ஆட்டம் அதுதான் சென்செய்.”

“இப்பவுமா?”

“இப்பவும்தான். அதான் வயித்தெரிச்சலா இருக்கு.”

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஆடிப் பார்த்தாராம். எழுத்து மங்கலாகத் தெரியும், படிக்க வராது என்று ஒரு கணக்கு. அப்படியும் புரிந்துவிட்டது. வகுப்புக்கு வராமல் இருந்து பார்த்தாராம். வராமல் இருந்தால் மறந்துவிடுமா? தாமிரபரணியில் நீச்சல் படித்தவன் சென்னைக்கு வந்தால் முங்கிவிடுவானா?

“முன்னாடி அந்த எழுத்தைப் பாத்தா காதுல அண்ணன் குரல் கேக்கும்,” என்றார் நயினார். “இப்பக் கேக்கல. என் குரல்தான் கேக்கு. தெற்கு ஊர், பூட்டியிருக்குன்னு. நானே படிச்சுப் படிச்சு அவனை வெளிய தள்ளிட்டேன்.”

“மிச்சம் எவ்வளவு இருக்கு?”

“கடைசி ஒரு இடம்தான். கடலுக்கு நடுவுல ஒரு கோட்டை. ஒரு ராத்திரி நானும் அண்ணனும் அதோட வாசல் வரைக்கும் வந்துட்டோம். அம்மா வந்து டிவியை அணைச்சிட்டா. உள்ள யாருண்ணே இருக்கான்னு கேட்டேன். பொறுலே, நாளைக்குப் படிச்சுச் சொல்லுதேன்னான். காலையில எந்திரிச்சான், கண்ணெல்லாம் மஞ்சள்.”

சுகிர்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப நானும் அந்த வாசல்லதான் நிக்கேன். உள்ள போகப் பயமா இருக்கு. அங்கயும் ஏதாவது ஒப்புக்கு எழுதியிருப்பான். அதையும் படிச்சிட்டா, அண்ணன்னு எனக்கு ஒண்ணும் மிச்சம் இல்ல. படிக்காமயும் இருக்க முடியல, அவனை நினைச்சுத் தூக்கம் வரமாட்டேங்கு. மறந்துட்டுப் போனா பழையபடி கேக்குமோன்னு பாத்தேன். அதான் உங்ககிட்ட வந்தேன்.”

“பெட்டியை டிவியோட கொண்டுவாங்க.”

“நீங்க படிச்சுச் சொல்லப் போறீங்களா?”

“கொண்டுவாங்க சார்.”



ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடையாது. நயினார் டிவியையும் ஆட்டப் பெட்டியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். டப்பா மாதிரி இருக்கும் அந்தக் காலத்து டிவி. பேக்கரி மாஸ்டர் ஒரு கை பிடித்து மாடியில் ஏற்றிவிட்டார். இதில் என்ன பாடம் நடத்தப்போகிறார்கள் என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனார்.

பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளினார்கள். டிவி தரையில் உட்கார்ந்தது. நயினார் அதன் எதிரில் சம்மணம் போட்டார். சுகிர்தா பின்னால் தன் நாற்காலியில் இருந்தார்.

விளக்குப் பையன் கோட்டை வாசலில் நின்றான்.

“போங்க.”

போனார். உள்ளே ஒரே இருட்டு. வௌவால் வந்தது, வழுக்கும் படி வந்தது. “அடி விழாதுன்னு சொன்னேன்லா, பாருங்க,” என்று நடுவில் புகார் வேறு. கடைசியில் கதவளவுக்கு ஒரு நண்டு வந்தது. நயினார் செத்தார். மறுபடி வந்தார், மறுபடி செத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒருவழியாக அதைக் கொன்றார்.

திரை கறுத்தது.

நயினார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மெல்லிசாக ஒரு பாட்டு கேட்டது.

“வந்துட்டா?”

“வந்திருக்கு.”

“நிறைய எழுதியிருக்கா?”

எவ்வளவு நேரம்தான் கண்ணை மூடிக்கொண்டு இருப்பது? திறந்தார்.

கறுப்புத் திரை. நடுவில் மூன்றே மூன்று எழுத்து.

“முடிந்தது,” என்று படித்தார்.

இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தார். ஒரு பட்டனை அமுக்கினார், இன்னொன்றை அமுக்கினார். பாட்டுதான் திரும்பத் திரும்ப வந்தது. எழுத்து அதேதான்.

“உள்ள யாருமே இல்ல சென்செய்.”

அவ்வளவுதான் சொன்னார். பிறகு அந்தக் கடைக்காரர் தோளில் கிடந்த துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். அண்ணன் செத்த அன்றைக்கு அவருக்கு அழத் தெரியவில்லை. சேர்த்துவைத்து இப்போது அழுதார்.

சுகிர்தா தேற்றவில்லை. அழுகை கொஞ்சம் அடங்கட்டும் என்று இருந்தார்.

அப்புறம் நாற்காலியை விட்டு இறங்கினார். அவருக்குப் பக்கத்தில் வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

“எனக்குப் படிக்கத் தெரியாதுண்ணே. என்ன போட்டிருக்கு?”

நயினார் துண்டை எடுத்துவிட்டுத் திரும்பினார். இத்தனை நாளும் சார், சார் என்று கூப்பிட்டவர். கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை. நிஜமாகவே காத்துக்கொண்டிருந்தார்.

“அதான் படிச்சேனே சென்செய்.”

“எனக்குத்தான் தெரியாதே. உள்ள யாருண்ணே இருக்கா?”

நயினார் அந்த மூன்று எழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்து என்ன சொல்வது என்று அவருக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. பக்கத்தில் ஒருத்தி கண் கொட்டாமல் உட்கார்ந்திருக்கிறாள். சொல்லாமல் எழுந்திருக்கவும் முடியாது.

“உள்ள... ஒரு பொண்ணு இருக்கா,” என்றார்.

“என்ன சொல்றா?”

“இப்பதான் வாறியான்னு கேக்கா.” திரையை எட்டிப் பார்த்தார். “நான் எப்பமோ வந்துட்டேன், இங்க பயமெல்லாம் ஒண்ணும் இல்லங்கா. கடலைப் பாத்துகிட்டே இருப்பேன், நேரம் போறதே தெரியாதுங்கா.”

“அதுக்கு விளக்குப் பையன் என்ன சொல்றான்?”

“உன்னைத் தேடித்தான் வந்தேங்கான். வழியெல்லாம் இருட்டுங்கான். அதுக்கு அவ சிரிக்கா. நீ வாறது எனக்கு மேல இருந்தே தெரிஞ்சுதுங்கா. உன் வெளிச்சம் தண்ணியில விழுந்துகிட்டே வந்துது, அதைப் பாத்துகிட்டேதான் இருந்தேங்கா.”

“அப்புறம்? ரெண்டு பேரும் வெளிய வந்தாங்களாண்ணே?”

திரையில் அந்த மூன்று எழுத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை.

“பொறுலே,” என்றார் நயினார். “இன்னும் எவ்வளவு எழுத்து இருக்கு பாரு.”