வாசல் வரைக்கும் ஒரு தொப்பி

ஒரு மலை மேல ஒரு ஊரு இருந்துச்சு. தேயிலைத் தோட்டத்து ஊரு. காலையில கதவைத் திறந்தா போதும், மேகம் நானும் வரேன்னு அடுப்படி வரைக்கும் வந்துடும். அந்த ஊர்ல ஒரு அம்மா இருந்தா. பேரு பாக்கியசீலி. கொழுந்து கிள்ளுற வேலை. அவ வீட்டுக்காரரு பேரு ஜேசுவடியான். அவங்களுக்கு ஒரே பொண்ணு, சூசன்னா. காலை உள்ள இழுத்துக்கோ. போர்வையை மூடிக்கோ. ம் கொட்டிக்கிட்டே இருக்கணும், இல்லேன்னா நீ தூங்கிட்டேன்னு நான் நிறுத்திடுவேன்.

“ம்.”

ஒரு நாள் விடியும்போது ஜேசுவடியான் வேலைக்குப் போனாரு. ஒரே பனி. முன்னால போறவங்க முதுகு கூடத் தெரியல. அப்போ செடிக்குள்ள சரசரன்னு ஒரு சத்தம். ஆடுன்னு நெனச்சாரு. ஆடு இல்ல, கரடி. குட்டியோட இருந்த கரடி. உர்ர்ருன்னு ரெண்டு கால்ல எழுந்து நின்னுச்சு.

“கடிச்சுதா?”

கடிக்கல. தலையில ஒரே ஒரு அடி, நகத்தால. அப்புறம் குட்டியைக் கூட்டிக்கிட்டு அது பாட்டுக்குப் போயிடுச்சு. அதுக்கு அவரு மேல கோவம் ஒண்ணும் இல்ல. பயம். ஆனா அவரு ரொம்ப நாளு ஆஸ்பத்திரியில கிடந்தாரு. உயிரு பொழச்சுத் திரும்பி வந்தாரு. தலையில பாதிக்கு முடி முளைக்கவே இல்ல. நெத்தியிலேருந்து பிடரி வரைக்கும் ஏரு ஓட்டின மாதிரி தழும்பு.

அன்னையிலேருந்து தலையில ஒரு துண்டு. சாப்பிடும்போதும் துண்டு, படுக்கும்போதும் துண்டு. கதவைச் சாத்திக்கிட்டுத்தான் குளிப்பாரு. பாக்கியசீலி கூட அந்தத் தலையைப் பாத்ததில்ல. கட்டுப் போட்டிருந்தப்போ பாத்தா, கட்டுப் பிரிச்சதுக்கு அப்புறம் பாக்கல. கேக்கவும் இல்ல. சர்ச்சுக்கும் அவரு போறதை விட்டுட்டாரு. ஏன் விட்டாரு, சொல்லு பாப்போம்?

“கால் வலியா?”

காலுக்கு ஒண்ணும் இல்ல. அங்க பொம்பளைங்க முந்தானையால தலையை மூடிக்கணும், ஆம்பளைங்க தலையில ஒண்ணும் இருக்கக் கூடாது. அதான் வழக்கம். அவரு ஞாயித்துக்கிழமையில வெளிய மரத்தடியில நின்னு பாட்டைக் கேட்டுட்டு வந்துடுவாரு.

“ம்.”

அப்புறம் சூசன்னாவுக்குக் கல்யாணம் முடிவாச்சு. அப்பா பொண்ணு கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போய் மாப்பிள்ளை பக்கத்துல விடணும். அவரு சொன்னாரு, “உங்க மாமா கூட்டிட்டுப் போகட்டும்மா.” சூசன்னா தட்டுல சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தா, வாயில வைக்கல. மூணு நாளா வீட்ல இதே கதை.

மாமான்னா பாக்கியசீலியோட தம்பி, மோசே. வாய் கொஞ்சம் நீளம். அவன் சொன்னான், “அத்தான், நீங்க துண்டோடயே வாங்க. என்ன, கோட்டு மேல துண்டு கட்டினா பொண்ணோட அப்பான்னு யாரும் நெனைக்க மாட்டான். பிரியாணி கிண்ட வந்த ஆளுன்னு நெனைப்பான்.”

“மங்கி குல்லா போட்டுக்கவா?” அப்படின்னாரு.

“போட்டுக்கோங்க. மொய் வாங்குற மேசைப் பக்கம் மட்டும் போயிடாதீங்க. திருடன்னு பிடிச்சுக் கட்டி வச்சிடுவான்.”

ஜேசுவடியானுக்கே சிரிப்பு வந்துடுச்சு. ஆனா வரேன்னு சொல்லல.

அப்போ பாக்கியசீலி சொன்னா, “நான் ஒரு தொப்பி வாங்கிட்டு வரேங்க. சுத்தி விளிம்பு வச்சு, நடுவுல பள்ளம் விழுந்து, கம்பளியில இருக்குமே, அந்தத் தொப்பி. கோட்டுக்குப் பொருந்தும். பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு வீட்லேருந்து சர்ச்சு வாசல் வரைக்கும் வாங்க. வாசல்ல தம்பி வாங்கிக்கட்டும். உள்ள அவன் கூட்டிட்டுப் போகட்டும்.”

அவரு அடுப்புல விறகை உள்ள தள்ளி விட்டாரு.

“வாசல் வரைக்கும்தான்.”

“வாசல் வரைக்கும்தான்.”

சூசன்னா ஒரு வாய் சோறு எடுத்து வச்சா.

“ம்.”

தொப்பி வாங்கணும்னா தலையோட அளவு வேணும்ல? மறுநாள் மத்தியானம் அவரு சாப்பிட்டுக் கண்ணசந்தாரு. பாக்கியசீலி ஒரு நூலை எடுத்தா. மூச்சு விடாம, பூனை மாதிரி போய், காதுக்கு மேல சுத்தி அளந்து முடிச்சுப் போட்டா. துண்டை அவுக்க அவளுக்கு மனசு வரல.

“துண்டோடயா அளந்தாங்க?”

துண்டோடதான். நீ கவனிச்சுட்ட, அவ கவனிக்கல. துண்டும் தலையும் அவளுக்கு ஒண்ணாவே ஆயிடுச்சு.

அப்புறம் பஸ் ஏறி டவுனுக்குப் போனா. பஸ் ஸ்டாண்டு வாசல்ல முதல் கடை. வரிசையா தொப்பி தொங்குது. விலை கம்மி. ஒண்ணை எடுத்தா, அட்டை மாதிரி விறைப்பா இருக்கு. நிறம் சரியாத் தெரியலையேன்னு வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தா. அப்போ பிசுபிசுன்னு தூறல். ரெண்டு நிமிஷம்தான். விளிம்பு தண்ணியில போட்ட அப்பளமாட்டம் சொதசொதன்னு தொங்கிப் போச்சு. கட்டை விரல்ல கருப்பா சாயம்.

கடைக்காரர், “மழையில எதுக்கும்மா காட்டுனீங்க?”

“மலையில இருக்கிற தொப்பி வேற எதுல நனையும்ணே?”

வச்சிட்டு வந்துட்டா.

ரெண்டாவது கடை பெரிய கடை. கண்ணாடிக் கதவு. உள்ள போகவே அவளுக்கு யோசனை. செருப்பைக் கழட்டலாமா வேணாமான்னு நின்னா. ஒரு பொண்ணு வந்து, “பரவாயில்ல, வாங்கக்கா”ன்னுச்சு. ஒரு தொப்பியை எடுத்துக் கையில கொடுத்துச்சு. யம்மா, முயல் காது மாதிரி இருந்துச்சு. முயல் ரோமமேதான். நெய்யுறதில்ல, தைக்கிறதில்ல. ரோமத்தை வெந்நீரும் ஆவியும் விட்டு அமுக்கி அமுக்கி ஒரே துணியா ஆக்கிடுவாங்களாம். அந்தப் பொண்ணு தொப்பியோட உச்சியை அமுக்குச்சு. விட்டதும் புஸ்ஸுன்னு தானா எழும்பிடுச்சு. உள்ள நெத்தி படுற இடத்துல சுத்தி ஒரு தோல் பட்டை. பசை போட்டு ஒட்டல, நூலால தச்சிருக்கு.

விலையைக் கேட்டா. கேட்டுட்டு, “நல்லா இருக்கும்மா”ன்னு சொன்னா. அவ்வளவுதான். அந்த விலைக்குக் கல்யாணப் பந்தியில பாதி போயிடும். ஆனா எது நல்லதுன்னு அவ விரலுக்குத் தெரிஞ்சு போச்சு. அதோட வெளிய வந்தா. தூங்கிட்டியா?

“இல்ல. மூணாவது கடை.”

மூணாவது கடை ஒரு சந்துக்குள்ள. குதிரைப் பந்தயம் பாக்க வர்றவங்களுக்கு விக்கிற கடை. சீசன் முடிஞ்சு போச்சு, கடைக்காரர் ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. ஒரே ஒரு தொப்பி, காப்பிக்கொட்டை நிறத்துல, கண்ணாடிப் பெட்டிக்குள்ள. ஆட்டு ரோமம்தான், முயல் இல்ல. அந்த வழவழப்பு வரல. ஆனா கெட்டியா இருந்துச்சு. உச்சியை அமுக்கினா. கொஞ்சம் யோசிச்சுட்டு, புஸ்ஸுன்னு எழும்புச்சு. உள்ள திருப்பிப் பாத்தா. தோல் பட்டை, தச்சது. வெள்ளைக் கைக்குட்டையால தேச்சா. சாயம் வரல.

“கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பாக்கலாமாண்ணே?”

“தொப்பி வாங்க வந்தியா, ஞானஸ்நானம் கொடுக்க வந்தியா?” அப்படின்னாரு. ஆனா டம்ளரைக் கொடுத்தாரு.

ஒரு சொட்டு விட்டா. சேப்பங்கிழங்கு இலையில உருளுற மாதிரி உருண்டு கீழ விழுந்துச்சு, டப்புன்னு.

“இந்த ரிப்பன் ஏண்ணே இப்படி இருக்கு?”

வெயில்ல இருந்து இருந்து சுத்தியிருந்த ரிப்பன் ஒரு பக்கம் வெளுத்துப் போயிருந்துச்சு. அதைச் சொல்லித்தான் விலையைக் குறைச்சுக் கேட்டா. ரிப்பன் போனா வேற ரிப்பன் கட்டிக்கலாம், துணி போனா என்ன பண்றது? அவரும் குறைச்சுக் கொடுத்தாரு. “சீசன் முடிஞ்ச சரக்கு. திருப்பிக் கொண்டு வந்துடாதே தாயி.” அப்புறம் நூலை வச்சு அளந்து பாத்துட்டு, “உன் வீட்டுக்காரருக்குப் பெரிய தலைதான்”னாரு.

“ஆமாண்ணே”ன்னு பெருமையாச் சொல்லிட்டு வந்தா பாக்கியசீலி.

“ம்…”

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். புது ரிப்பன் கட்டியாச்சு. ஜேசுவடியான் தொப்பியை வாங்கிக்கிட்டு உள் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தினாரு. துண்டை அவுத்தாரு. தொப்பியை வச்சாரு. தொபுக்! மூக்கு வரைக்கும் இறங்கிடுச்சு.

உள்ளேருந்தே சொன்னாரு, “சீலி, சாமியே வேணாங்கிறாரு. விட்டுடு.”

பாக்கியசீலிக்கு எங்க தப்புப் பண்ணினோம்னு அப்பத்தான் தெரிஞ்சுது. கதவுகிட்ட போனா. “தோல் பட்டைக்கு உள்ள துணி வச்சுத் தச்சா சரியாயிடும்ங்க. எங்க எவ்வளவு வைக்கணும்னு பாக்கணும். தழும்பு மேல உரசக் கூடாதுல்ல?” அப்புறம் சொன்னா, “தலையைக் காட்டுங்க.”

வெளிய ஓட்டு மேல மழை சடசடன்னு பெய்யுது, நிக்குது, மறுபடி பெய்யுது.

அப்புறம் தாழ்ப்பாள், டக்.

அவரு கட்டில்ல உக்காந்திருந்தாரு, சுவத்தைப் பாத்துக்கிட்டு. அவ பக்கத்துல போய் நின்னா. பாத்தா. ஒண்ணும் இல்லேன்னு சொல்லுவான்னு அவரு நெனச்சிருந்தாரு. அவ அப்படிச் சொல்லல.

“பெருசாத்தான் இருக்கு”ன்னா.

“பயமா இருக்கா?”

“உள்ள வரும்போது இருந்துச்சு. இப்பப் பாத்துட்டேன்ல.”

அப்புறம் விரலால தொட்டா, கொழுந்தைத் தொடுற மாதிரி. இங்க வலிக்குதா? இல்ல. இங்க? அங்க லேசா. அவரு அசையவே இல்ல. அவரு கண்ணுலேருந்து தண்ணி வந்துக்கிட்டே இருந்துச்சு, ஆனா வலியால இல்ல. அவ பழைய ஸ்வெட்டரைக் கத்தரிச்சு, பட்டைக்கு உள்ள மெத்துமெத்துன்னு வச்சுத் தச்சுட்டா. வச்சுப் பாத்தாரு. நின்னுச்சு. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தலையை ஆட்டினாரு, அப்பவும் நின்னுச்சு.

“ம்…”

விடிஞ்சுது. கல்யாணம். சூசன்னா வெள்ளைச் சேலை. அப்பா கோட்டு, தொப்பி. வரிசையா இருக்கிற தோட்டத்து லைன் வீட்டுச் சனமெல்லாம் வாசல்ல வந்து நின்னு பாத்துச்சு. “யாருடி அது, எஸ்டேட்டு தொரையா?”ன்னு ஒருத்தி கேட்டா. பொண்ணு அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டா. பாக்கியசீலி பின்னால நடந்தா. நடக்குறா, ஆனா கண்ணு அந்தத் தொப்பியை விட்டு எடுக்கல.

சர்ச்சு வாசல் வந்துடுச்சு. மணி டாண், டாண். உள்ள எல்லாரும் எழுந்து நின்னுட்டாங்க. மோசே ஓடி வந்து, பேசி வச்ச மாதிரி கையை நீட்டினான்.

ஜேசுவடியான் நின்னாரு. சூசன்னாவும் நின்னா. கையை விடணும். அவரு விடல. பாக்கியசீலியைத் திரும்பிப் பாத்தாரு. அவ போங்கன்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. சும்மா நின்னா.

அப்புறம் அவரு இன்னொரு கையைத் தூக்கினாரு. தலையிலேருந்து தொப்பியை எடுத்தாரு. மோசே நீட்டின கையில அதை வச்சாரு.

“மாப்ளே, இதைக் கொஞ்சம் பிடி”ன்னாரு.

சொல்லிட்டு, பொண்ணைக் கூட்டிக்கிட்டு உள்ள நடந்தாரு.

“எல்லாரும் பாத்தாங்களா?”

பாத்தாங்க.

“பயந்தாங்களா?”

சில பேரு பயந்தாங்க. பாட்டுப் பாடினவங்கள்ல ஒருத்தி பாட்டை நிறுத்திட்டா. அப்புறம் அவளே சேந்துக்கிட்டா. அவரு பொண்ணை மாப்பிள்ளை பக்கத்துல விட்டுட்டு, முதல் பெஞ்சுல உக்காந்தாரு. பாக்கியசீலி முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கிட்டு அவரு பக்கத்துல போய் உக்காந்தா.

“மோசே மாமா?”

மோசே வாசல்லயே நின்னான். தொப்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, பூசை முடியுற வரைக்கும் அங்கேயே நின்னான்.

“…”

கதை சர்ச்சுக்குள்ள போயிடுச்சு. நீ தூக்கத்துக்குள்ள போ.