சொந்தப் பொருள்

கனடாவுக்குக் குடிபெயரவிருந்த சம்பந்தம், இறந்துபோன தம்பியின் தச்சுக் கருவிகளையும் தன் பொழுதுபோக்குக்கென்று பெட்டியில் வைத்து ஆணியடிக்கச் சொன்னார். "பட்டறையை நான் நடத்தணும், கொடுங்க" என்று தம்பி மனைவி செண்பகவல்லி கேட்டும் தரவில்லை. மூடிய பெட்டிக்குள் இழைப்புளி தானாக இழைக்கும் சத்தம் கேட்டது.

"கருவி வரணும், அதோட தம்பி ஆவி வரக் கூடாது. முடியலேன்னா உன் வேலை போயிடும்" என்றார் சம்பந்தம், சாமான் கட்டும் மாசானத்திடம்.

"சுலபம் ஐயா. சாமான் பட்டியல்ல 'எல்லாம் என் சொந்தப் பொருள்'னு ஒரு வரி இருக்கு. பெட்டி மேல கைவச்சு, அதை உரக்கப் படிச்சுக் கையெழுத்துப் போடுங்க. உங்க பொருள்னா அவருக்கு உள்ளே என்ன வேலை?"

சம்பந்தம் கைவைத்தார். சத்தம் நின்றது. உள்ளங்கைக்குக் கீழே பலகை வெதுவெதுப்பாக இருந்தது. "எல்லாம் என்" என்பதோடு நாக்கு நின்றது. வழியனுப்ப வந்த உறவினர்கள் அவரையே பார்த்தார்கள்.

"மீதியையும் படிங்க ஐயா."

சம்பந்தம் கையை எடுத்துக்கொண்டார். "செண்பகவல்லி பட்டறையில இறக்கிடுப்பா" என்றார்.