பீரோவுக்குப் பின்னால்

நாகர்கோவிலில் நாலு பேர் சேர்ந்து ஆன்லைனில் விளையாடும் குழு ஒன்று இருந்தது. அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவன் ஷாஜின். அவர்களோடு ஒத்த வயதுதான். ஆனாலும் அவனை எல்லோரும் ஆசான் என்றே கூப்பிட்டார்கள். முதலில் கேலிக்குக் கூப்பிட்டது, பிறகு நிலைத்துவிட்டது.

குழுவில் குறி தப்பாதவள் ஜெனிஷா. ஆனால் சில மாதங்களாக, ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் அவள் வீட்டு இணைப்பு அறுந்துவிடும். திரையில் அவள் மரம்போல நிற்பாள். எதிராளி நிதானமாக வந்து சுட்டுவிட்டுப் போவான்.

மாநிலப் போட்டிக்கான தகுதிச் சுற்று அன்று மாலை. இதிலும் அறுந்தால் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வோம் என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். காலையிலேயே ஜெனிஷா ஷாஜினை வீட்டுக்கு வரச் சொன்னாள்.

"ஆசானே, நெட்டு கட் ஆகாம இருக்க என்ன செய்யணும்?"

ஷாஜின் கைப்பேசியைப் பார்த்தபடி வீட்டுக்குள் நடந்தான். கூடத்தில் நெட் வேகம் ஏறுவதும் விழுவதுமாக இருந்தது. அடுக்களையில் அதைவிட மோசம். மூடியிருந்த ஓர் அறைக்கு முன்னால் நின்று, மோடம் எங்கே என்று கேட்டான். இதற்குள்தான் என்றாள். யாருடைய அறை என்று கேட்டான்.

அக்கா பெனிலாவின் அறை. புகுந்த வீட்டு வாழ்க்கை சரிப்படாமல் திரும்பி வந்தவள். கம்பெனி வேலையையும் அந்த அறையிலிருந்தே பார்த்தாள். ஒருநாள் ஆட்டம் பாதியில் நின்ற ஆத்திரத்தில், நீ வந்த பிறகுதான் இந்த வீட்டில் ஒன்றும் சரியில்லை என்று ஜெனிஷா கத்திவிட்டாள். அவள் குறிப்பிட்டது நெட் இணைப்பை. அக்காவுக்குக் கேட்டது வேறு. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

முழுவதையும் கேட்டுவிட்டு ஷாஜின், "கதவத் தட்டு" என்றான்.

கூடத்தில் சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் ஒன்று வாங்கி வைத்தால் போதாதா என்று கேட்டாள்.

"வெளிய வாறதத்தான் அது தூக்கிக் குடுக்கும். உள்ளயே நின்னு போனத அது என்ன செய்யும்?"

"அப்போ நீயே தட்டு ஆசானே."

"இது எனக்க வீடு இல்லியே."

ஜெனிஷா கையைத் தூக்கினாள், இறக்கினாள். பிறகு தட்டினாள்.

பெனிலா கதவைத் திறந்தாள்.

"அக்கா, அன்னைக்கு நான் நெட்டத்தான் சொன்னேன்." ஜெனிஷா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஆனாலும் அப்படிச் சொன்னது தப்பு. நீ திரும்பி வந்ததுல எனக்கு எவ்வளவு நிம்மதின்னு ஒருநாளும் சொல்லல."

பெனிலா போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தவில்லை. "உள்ள வாங்க" என்றாள்.

மோடம் சுவரோரம் தரையில் இருந்தது. அதை முழுக்க மறைத்தபடி ஓர் இரும்பு பீரோ நின்றது. கல்யாணச் சீராகப் போய் அவளோடு திரும்பி வந்த பீரோ. இவ்வளவு இரும்பைத் தாண்டி சிக்னல் வராது என்று ஷாஜின் சொன்னான். தன் ஆபீஸ் அழைப்புகளும் அறுந்துகொண்டுதான் இருந்தன, தங்கை விளையாடுவதால்தான் என்று நினைத்திருந்ததாகச் சொன்னாள் பெனிலா. வண்டிக்காரர்கள் இறக்கிய இடத்திலேயே பீரோ நின்றுவிட்டது. அன்று எதையும் கவனிக்கும் நிலையில் அவள் இல்லை.

பீரோவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்போ நான் வந்த பிறகுதான் நெட்டு கெட்டிருக்கு" என்றாள். சொல்லிவிட்டு முதலில் சிரித்தவளும் அவள்தான். ஜெனிஷாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மூவரும் பீரோவை எதிர்ச்சுவருக்குத் தள்ளினார்கள். ஷாஜின் மோடத்தை உயரத்தில் ஆணியடித்து மாட்டினான்.

மாலை ஆட்டத்தில் ஒருமுறைகூட இணைப்பு அறுபடவில்லை. குழு தகுதி பெற்றது. பெனிலா பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் ஓடுகிறவர்களில் தன் தங்கை யார் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஷாஜின் செருப்பை மாட்டும்போது ஜெனிஷா வாசலுக்கு வந்தாள். அவள் முகம் தெளிந்திருந்தது.

"இனிமே கட் ஆகாதுல்லா, ஆசானே?"

"ஆகும். மழை பெஞ்சா ஆகும், கரண்டு போனா ஆகும். ஆச்சுன்னா அக்காகிட்ட போய்ச் சொல்லு."