சண்டைக்கு முந்தைய அடுப்பு

பேச்சி போனதிலிருந்து சுடலைக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காகத் தம்பியோடு சண்டை போட்ட வக்கீல் பொன்னையா, அந்தத் தம்பிக்குக் காபி கொடுத்தாள் என்று சமையல்காரி பேச்சியைத் துரத்திவிட்டார். அவள் புருஷன் சுடலை மட்டும் அங்கே வேலையில் கிடந்தான்.

ஒருநாள் வீட்டு வழக்கில் கோர்ட்டு உத்தரவோடு வந்தார் வக்கீல்.

"ஸ்டேட்டஸ் கோ ஆன்டே! லத்தீன்டா. அந்தக் காலத்து ராஜாக்கள் போரை நிறுத்தினா இப்படித்தான் எழுதுவாங்க. சண்டைக்கு முன்னால இருந்தபடியே எல்லாம் இருக்கணும். நாளைக்குக் கோர்ட்டு அமீனா சரிபார்க்க வர்றார். ஒரு கரண்டி குறைஞ்சாலும் உன் தோலை உரிச்சிருவேன்!"

மறுநாள் அமீனா அடுக்களை வரைக்கும் வந்து பார்த்தார். "எல்லாம் முன்ன மாதிரியே இருக்கா?"

"கரண்டியெல்லாம் இருக்கு ஐயா," என்றான் சுடலை. "சண்டைக்கு முன்னால அதைப் பிடிச்ச கையைத்தான் காணோம். எம் பொண்டாட்டி. எசமான் துரத்திட்டாக."

"உத்தரவுப்படி அந்தம்மாவும் இருக்கணுமே," என்று அமீனா வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். பேச்சியைக் கூட்டிவர, அவள் தாய்வீடு இருந்த சங்கரன்கோவிலுக்கு வக்கீலின் காரே புறப்பட்டது.

சுடலை அடுப்பைப் பற்றவைக்கவில்லை. அவளே வந்து பற்றவைக்கட்டும் என்று வாசலைப் பார்த்தபடி நின்றான்.