முழுகாத வட்டில்

முன்னொரு காலத்தில் வெண்குன்ற நாட்டை நீலகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஈர மனசுக்காரன்தான். ஆனால் உட்கார்ந்த இடத்தில் உட்காரமாட்டான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து குதிரை லாயத்துக்குப் போவான். சேணம் பூட்டுவதற்குள் கிளிக்கூண்டு ஞாபகம் வந்துவிடும். வழக்கு விசாரிக்க உட்கார்ந்தாலோ, வாதி கும்பிட்டு நிமிர்வதற்குள் அரியணை காலியாகக் கிடக்கும்.

இதில் குளிர் காய்ந்தவர் ஒருவர் இருந்தார். அரச ஓலைகளுக்கு அரக்கு முத்திரை வைக்கும் வல்லபராயர். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் தன் கைக்கு வரவேண்டும் என்பது அவருக்கு நெடுநாள் ஆசை. அதனால் ராஜா வழக்கில் காது கொடுக்கும் நேரம் பார்த்து, "அரசே, தோட்டத்தில் புது மயில் ஆடுகிறது!" என்பார். ராஜா ஓடிவிடுவான்.

இப்படியே வழக்குகள் தேங்கின. விசாரணை இல்லாமலே சிறை நிரம்பியது.

ஒருநாள் ராஜா தேரேறும்போது ஒரு பெண் கைக்குழந்தையோடு குதிரைக்கு முன்னால் வந்து நின்றாள். காத்தாயி என்ற உப்பு வியாபாரி.

"மகாராஜா! என் புருஷன் சடைக்கண்ணை, கோயில் விளக்கைத் திருடிட்டான்னு பிடிச்சுச் சிறையில போட்டாங்க. இந்தப் புள்ள பொறந்ததையே அவன் பாக்கல. திருடன்னா தண்டிங்க, இல்லைன்னா வீட்டுக்கு விடுங்க. எதுவும் சொல்லாம இப்படி வச்சிருக்கிறது என்ன நியாயம்?"

ராஜாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "கோயில் கொடியேற்றத்துக்குள் எல்லா வழக்கையும் முடிப்பேன்!" என்று அங்கேயே சூளுரைத்தான்.

மறுநாள் விடிந்ததும் உட்கார்ந்தான். உச்சிப்பொழுதில் கண் சொருகியது. சாயங்காலம் வாதியையும் பிரதிவாதியையும் சேர்த்துத் திட்டினான். அதற்கடுத்த நாள் அரண்மனையில் ஆளையே காணோம்.

வல்லபராயர் குழைந்தார். "வேட்டையாடும் சிங்கத்துக்கு இந்தச் சில்லறைத் தகராறு எதற்கு அரசே? தீர்ப்புச் சொல்லும் அதிகார மோதிரத்தை என்னிடம் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்."

ராஜாவும் மோதிரத்தைக் கழற்றப் போனான். அப்போது மந்திரி அம்பலத்தரசர் மெல்லச் சிரித்தார்.

"என்ன சிரிப்பு?"

"ஒன்றுமில்லை அரசே. ஒரு நாழிகைகூட அரசரால் ஒரே வேலையில் இருக்க முடியாது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்."

"என்னால் முடியாதா? கொண்டுவாரும் உம்முடைய நாழிகையை!"

அண்டா நிறையத் தண்ணீர் வந்தது. அதில் நாழிகை வட்டிலை மிதக்கவிட்டார் மந்திரி. அடியில் ஊசித்துளை போட்ட செப்புக் கிண்ணம் அது. துளை வழியே நீர் ஏறி, ஒரு நாழிகையில் முழுகிவிடும்.

"வட்டில் மிதக்கும்வரை ஒரே வழக்கு. முழுகியதும் எழுந்துவிட வேண்டும். அதற்குமேல் ஒரு சொல் கேட்கவும் அரசருக்கு அனுமதி இல்லை."

"எனக்கே அனுமதி இல்லையா?"

"இல்லை."

முதல் வழக்கு ஒரு எருமையைப் பற்றியது. சாட்சி, "அந்த எருமை உண்மையில் யாருடையது என்றால்..." என்று இழுத்தபோது, குளுக்கென்று வட்டில் முழுகியது.

"எழுந்திருங்கள் அரசே!"

"யோவ், யாருடைய எருமை என்று சொல்லிவிட்டுப் போகட்டும்!"

"ஊஹூம்."

ராஜா முற்றத்தில் மேலும் கீழும் நடந்தான், முகம் கழுவினான், வாசலை எட்டிப் பார்த்தான். "வட்டிலை எடுத்துக் கவிழ்த்து மறுபடி மிதக்கவிடும் மந்திரி, சீக்கிரம்!" என்று தானே வந்து உட்கார்ந்தான். ஓட நினைத்த கால் இப்போது சபைக்கு ஓடியது.

நடுவில் வல்லபராயர் "அரசே, அவசரம்!" என்று நுழைந்தார். ராஜா கையமர்த்தினான். "வட்டில் முழுகட்டும்." முழுகியதும், "என்ன அவசரம்?" என்றான். "மயில்... முட்டையிட்டிருக்கிறது" என்றார் வல்லபராயர். சபை கொல்லென்று சிரித்தது.

அந்தச் சிரிப்பு அவர் நெஞ்சில் தைத்தது. சடைக்கண்ணின் வழக்கு எடுக்கப்போகும் சமயம், யாரும் பார்க்காதபோது வட்டிலின் துளையை அடைத்துவிட்டார்.

வழக்குத் தொடங்கியது. கோயில் காவலன் மாசிலான் சாட்சி சொன்னான். "விளக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு இவன் ஓடியதைக் கண்ணால் பார்த்தேன்." சடைக்கண் மறுத்தான். காவலன் சொன்னதையே சொன்னான். வட்டில் மிதந்துகொண்டே இருந்தது. வெயில் ஏறியது. ராஜாவுக்குக் கால் துடித்தது, பிடரி வலித்தது, காதில் விழுவதெல்லாம் இரைச்சலாயிற்று.

"போதும்! இவன்தான் திருடன்! கையை வெட்டுங்கள்!"

காத்தாயி அலறினாள்.

"பொறுங்கள் அரசே!" மந்திரி பாய்ந்துபோய் வட்டிலைத் தூக்கினார். துளையில் சிவப்பு அரக்கு. "இது உங்கள் தீர்ப்பு அல்ல. உங்கள் களைப்பின் தீர்ப்பு. எழுந்து போய்வாருங்கள்."

ராஜா எழுந்தான். கால்போன போக்கில் கோயிலுக்குள் போனான். திருடுபோன விளக்கின் ஜோடி அங்கே நின்றது. சும்மா இருக்காத கை, அதைத் தூக்கிப் பார்த்தது. அசையவில்லை. இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து இழுத்தான். அப்போதும் அசையவில்லை.

திரும்பி வந்தவன் உட்காரவில்லை. "மாசிலா, வா. அந்த இன்னொரு விளக்கைத் தலையில் வைத்துக்கொண்டு எனக்கு ஓடிக் காட்டு."

காவலன் காலில் விழுந்தான். "தூங்கிட்டேன் சாமி! விளக்கு எப்படிப் போச்சுன்னே தெரியாது. என் தலைக்கு வந்துடும்னு அந்த வழியா வந்தவனைக் கைகாட்டினேன்."

சடைக்கண்ணின் விலங்கு கழன்றது. ராஜா வல்லபராயரின் விரல்களைப் பார்த்தான். நகக்கண்ணில் அரக்குச் சிவப்பு. "ராயரே, ஒரு மனிதனின் கை போயிருக்குமே ஐயா! முத்திரையை மந்திரியிடம் கொடும். இனி இந்த அண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்து வட்டிலைக் காவல் காப்பதுதான் உமக்கு வேலை. அது மிதக்கிறவரை வாய் திறக்கக் கூடாது."

மந்திரிக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டான். பிறகு காத்தாயியிடம் வந்தான். "அம்மா, நீ காத்துக்கிடந்த காலத்தை என்னால் திருப்பித் தர முடியாது. வேறு என்ன வேண்டும், கேள்."

குழந்தையைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு அவள் சொன்னாள்: "எனக்கு ஒண்ணும் வேணாம் மகாராஜா. வெளியே என்னை மாதிரி நிறையப் பேர் நிக்கிறாங்க. அடுத்த ஆளைக் கூப்பிடுங்க."