வெற்றிலைக் கொடிக்காலும் ஒற்றை நத்தையும்

மகிழங்காட்டுச் சீமையை அந்தக் காலத்தில் மாறகேசரி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை சரியில்லை என்றால் யார் தலை உருளும் என்று சொல்ல முடியாது.

ஒருநாள் தாம்பாளத்தில் இருந்த வெற்றிலையெல்லாம் ஓட்டை. கடைசி இலையில் ஒரு நத்தை ஒட்டிக்கொண்டிருந்தது.

"கொடிக்கால்காரன் பொறையனைக் கழுவில் ஏற்றுங்கள்!" என்று கத்தினார் ராஜா.

மந்திரி ஏகநாதர் குறுக்கே வந்தார். "பிரபு, மழைக்கு வந்த நத்தை. அவன் என்ன செய்வான்? வெள்ளிக்கிழமைக்குள் நான் ஒழித்துக்கட்டுகிறேன்."

"ஒழியாவிட்டால்?"

மந்திரி வாய் திறப்பதற்குள் வில்லவராயர் முந்திக்கொண்டார். மந்திரி பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த அதிகாரி அவர். "ஒரே ஒரு நத்தை கண்ணில் பட்டாலும், பொறையனோடு மந்திரியையும் சேர்த்து ஏற்றிவிடலாம், பிரபு!"

"அப்படியே ஆகட்டும்!"

மந்திரியும் பொறையனும் கொடிக்காலிலேயே கிடந்தார்கள். பாத்திகளுக்கு நடுவே பூசணித் தோலைப் போட்டு, மேலே ஈரச் சாக்கை விரித்தார்கள். விடிந்ததும் சாக்கைப் புரட்டினால் அடியில் அப்பிக் கிடக்கும் நத்தை. பொறுக்கிப் பொறுக்கிக் கூடையில் அள்ளினார்கள். வெள்ளிக்கிழமைக் காலையில் சாக்கடியில் ஒன்றுகூட இல்லை.

ராஜா பரிவாரத்தோடு வந்து வரிசை வரிசையாகப் பார்த்தார். பின்னால் வந்த வில்லவராயர் ஓரிடத்தில் குனிந்து நிமிர்ந்தார்.

"இதோ, பிரபு!"

கொடியின் அடியில் ஒரு நத்தை.

பொறையன் ராஜாவின் காலில் விழுந்தான். காவலர்கள் மந்திரியைச் சூழ்ந்தார்கள்.

மந்திரி நத்தையை எடுத்துப் பார்த்தார். ஓட்டின் வாயைக் கெட்டியான மூடி அடைத்திருந்தது. கொடிக்கால் நத்தைக்கு மூடியே கிடையாது. இது வயலில் பிடித்தது. வில்லவராயரை ஓரக்கண்ணால் கவனித்தார். இடுப்பு மடி புடைத்து, பட்டில் ஈரம் படர்ந்திருந்தது. ஆனால் சாகப்போகிறவன் பேச்சை யார் நம்புவார்கள்?

"பிரபு, ஒரே விண்ணப்பம். எங்கிருந்து வந்தேன் என்று இந்த நத்தையே தலையை நீட்டிச் சொல்லட்டும். அதுவரை ஒருவரும் அசையக்கூடாது. அசைந்தால் பயந்துவிடும்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நத்தை பேசுமா? அதையும் பார்ப்போம். அசைகிறவன் தொலைந்தான்!"

மந்திரி நத்தைமேல் தண்ணீர் தெளித்துத் தரையில் வைத்தார். எல்லோரும் சிலையாக நின்றார்கள். வெயில் ஏறியது. நத்தை மூடியைத் திறக்கவே இல்லை.

வில்லவராயருக்கு வேர்த்துக் கொட்டியது. முதலில் உதட்டைக் கடித்தார். பிறகு இடுப்பை நெளித்தார்.

"என்ன ஓய், அசைகிறீர்?"

"ஒன்றுமில்லை, பிர... ஐயையோ!"

தொப்புள்மேல் ஏதோ சில்லென்று ஊர, அவர் துள்ளிக் குதித்தார். மடி அவிழ்ந்தது. பொத்துப் பொத்தென்று நாலைந்து நத்தைகள் ராஜாவின் காலடியில் விழுந்தன.

"சொல்லிவிட்டது, பிரபு," என்றார் மந்திரி.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டார். வில்லவராயரைக் கழுவில் ஏற்றச் சொல்லித் திரும்பியவரை மந்திரிதான் தடுத்தார். "உயிர் வேண்டாம், பிரபு. மழைக்காலம் முடியும்வரை பொறையனுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும்."

மறுநாளே பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பாத்தியில் குந்தினார் வில்லவராயர். பொறையன் பக்கத்தில் வந்து பணிவாகச் சொன்னான்:

"சாமி, மடியில போட்டுக்காதீங்க. கூடையில போடுங்க."