பூஜையில் வைத்த கணினி

"என் கையாலேயே அழிச்சிட்டேன் அம்மா. திரும்ப வருமா?"

தணிகாசலம் கணினிப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆசிரம வாசலில் நின்றார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆயுத பூஜைக்கு வீட்டைத் துடைத்த மனுஷர் கணினியையும் விடவில்லை. வேண்டாத ஃபைல்களோடு செங்கமலத்தின் பாட்டுகளையும் டெலீட் செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிவிட்டார். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம்.

செங்கமலம் அவர் மனைவி. போன ஆடியில் போய்ச் சேர்ந்தவள். அவள் குரல் வேறெங்கும் கிடையாது.

அந்த ஆசிரமத்து வடிவாம்பிகை அம்மை அவரைவிட வயதில் சின்னவர். கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டுத் துறவியானவர். அழிந்த பிறகு என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டார்.

என்ன செய்யவில்லை? ஃபைலை மீட்டுத் தரும் என்று கண்ட சாஃப்ட்வேரையும் அதே கணினியில் இறக்கியிருந்தார். எப்படி மீட்பது என்று சொல்லும் வீடியோக்களையும் அதிலேயே சேமித்திருந்தார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

"பாட்டு உடனே போயிடாது ஐயா. அது இருக்கிற இடத்தைக் காலி இடம்னு கணினி நினைச்சுக்கும், அவ்வளவுதான். அதுமேல புதுசா எதையாவது எழுதினாத்தான் போகும்."

"அப்போ நான் இவ்வளவு நேரம் தேடினது?"

அம்மை பெட்டியை வாங்கினார். ஆசிரமத்து ஆயுத பூஜையில் அரிவாள்மணைக்கும் மண்வெட்டிக்கும் நடுவில் வைத்து, சந்தனப் பொட்டு இட்டார்.

தணிகாசலத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாமி கும்பிட்டால் ஃபைல் வருமா?

"பூஜையில வச்சதை என்ன செய்யக்கூடாது?"

"தொடக்கூடாது."

"நாளைக்கு நானே டிஸ்க்கைக் கழற்றி வேற கணினியில போட்டுப் பார்க்கிறேன்."

"கிடைச்சிடுமா?"

"நீங்க மிச்சம் வச்சிருந்தா."

அதுவரை நான் என்ன செய்வது என்று தணிகாசலம் கேட்டார். செங்கமலம் போனதிலிருந்து ஒரு நிமிஷம் சும்மா இருந்தவர் இல்லை. டிவி, டூர், கோயில் கமிட்டி என்று ஓடிக்கொண்டே இருந்தார். இப்போதும் நிறுத்தவில்லை. பழநிக்கு வேண்டிக்கொள்ளட்டுமா, அதே பாட்டை வேறு யாராவது பாடியிருந்தால் போட்டுக் கேட்கட்டுமா, சம்பந்தி வீட்டுக்கு ஒரு போன் போடட்டுமா என்று அடுக்கிக்கொண்டே போனார்.

அம்மை மறுபடி சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தொட்டு, அவர் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தார்.

தணிகாசலம் பேச்சை நிறுத்தினார். மண்வெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

வெகுநேரம் ஒன்றுமில்லை.

அப்புறம், பாடத் தொடங்குமுன் செங்கமலம் தொண்டையைச் செருமுவது அவருக்குள் கேட்டது.